காட்டுத்தீயின் மேலே ஆளில்லா விமானம்: படம் யார் கைக்கு, எத்தனை நிமிடத்தில்?

கொட்டகுடி எழுதியது:

கோடை தொடங்கி மலையில் புகை தெரிந்தவுடன், வனத்துறைக்கு ட்ரோன் வாங்கிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற குரல் ஆண்டுதோறும் எழுகிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின் அந்தக் குரல் இன்னும் வலுத்தது. நான் போடிப் பக்கத்தைச் சேர்ந்தவன். வானிலிருந்து எடுக்கும் படங்களைக் கொண்டு நில வரைபடம் தயாரிப்பது என் தொழில். கருவியை வாங்குவதற்கு முன்னால் பேசித் தீர்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது என்று எண்ணியே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்தவர்கள் அமெரிக்காவின் நாசாவும் அந்நாட்டு வனத்துறையும். 2001 செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் எல் மிராஜ் என்னுமிடத்தில், தாங்களே மூட்டிய ஒரு தீயின் மேல் ஆல்டஸ் என்ற ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டு, அது எடுத்த படத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் தரைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2006 அக்டோபரில் தெற்குக் கலிஃபோர்னியாவில் எஸ்பரான்சா தீ பரவி, ஒரே வண்டியில் வந்த ஐந்து தீயணைப்பு வீரர்களைப் பலிகொண்டது. அதற்கு இரண்டு நாள் கழித்தே ஆல்டேர் என்ற விமானம் அந்தத் தீயின் மேல் நெடுநேரம் பறந்து படம் அனுப்பியது. அந்த இரண்டு நாள் இடைவெளியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அடுத்த ஆண்டு இக்கானா வந்தது. போர்க்களத்துக்காக உருவான பிரிடேட்டர் பி விமானத்தின் ஆய்வு வடிவம் அது. பெயர் சாக்டா என்னும் பூர்வகுடி மக்களின் மொழிச் சொல், ‘அறிவுள்ள, விழிப்புள்ள’ என்று பொருள்படும். 20 மீட்டர் இறக்கை விரிப்பும், இறக்கையின் அடியில் 12 அலைவரிசைகளில் படமெடுக்கும் உணர்கருவியும் அதற்கு உண்டு. 2007 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மேற்கு மாநிலங்களின் காட்டுத்தீக்கள் மேல் அது பறந்தது. ஒரு பறப்பு மட்டும் 20 மணி நேரம் நீண்டது. அக்டோபர் மாதக் கடைசியில் சான்டா அனா என்னும் வறண்ட காற்று வீசி, சான் டியேகோ முதல் லாஸ் ஏஞ்சலஸ் வரை ஒரே நேரத்தில் பல தீக்கள் மூண்டு, லட்சக்கணக்கானோர் வீட்டைவிட்டு வெளியேறியபோது, இக்கானா ஆயத்தமாக இருந்தது. அக்டோபர் 24 முதல் சில நாட்களில் அது பலமுறை தெற்குக் கலிஃபோர்னியாவின் மேல் சுற்றி வந்தது.

நான் இதில் முதன்மையாகக் கருதுவது விமானத்தை அல்ல. அதற்கு முன்பும், ஆட்கள் ஓட்டும் விமானங்கள் இரவில் பறந்து அகச்சிவப்புப் படம் எடுத்துவந்தன. அந்தப் படங்களைப் பார்த்து நிபுணர்கள் உட்கார்ந்து கையால் தீயெல்லை வரைந்து, காலைக் கூட்டத்துக்குக் கொடுப்பார்கள். காலையில் அதிகாரி பார்க்கும் கோடு, சில மணி நேரத்துக்கு முன் தீ நின்ற இடத்தைத்தான் காட்டும். இக்கானாவிலோ, விமானத்துக்குள்ளேயே இருந்த கணினி படத்தை நிலக்கூறுகளோடு பொருத்தி, எரியும் இடங்களைப் பிரித்து, செயற்கைக்கோள் வழியே அனுப்பியது. ஏறத்தாழ பத்து நிமிடத்தில் தீயணைப்புத் தலைமையிடத்தில் இருந்தவர் அதைக் கூகுள் எர்த் திரையில் தன் சாலைகள்மீதும் வீடுகள்மீதும் விரித்துப் பார்த்தார். பல மணி நேரம் பத்து நிமிடமாகச் சுருங்கியதுதான் அங்கே நடந்த சாதனை என்பது என் கருத்து.

ஆகவே என் கேள்வி இது: நம் மலைகளில் ஒரு ட்ரோன் பறந்தால், அது எடுக்கும் படம் யார் கைக்கு, எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரும்? இதற்கு விடை இல்லாமல் கருவி வாங்குவது, கிணறு வெட்டாமல் ஏற்றம் கட்டுவதைப் போன்றது.

---

ஓய்வுபெற்ற வனவர் எழுதியது:

நண்பர் கேட்ட கேள்வியை நான் பணியில் இருந்த காலம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்க ஆள்தான் இல்லை.

இப்போது எங்களுக்குச் செய்தி எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்கிறேன். இந்திய வன அளவைத் துறை 2004 முதல் செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் உணர்கருவியின் தரவைக் கொண்டும், பின்னர் சுவோமி செயற்கைக்கோளின் விர்ஸ் உணர்கருவித் தரவைக் கொண்டும் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிடும். அது பெரிய உதவி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மோடிஸ் படத்தில் ஒரு புள்ளி என்பது ஒரு கிலோமீட்டர் சதுரம்; விர்ஸில் 375 மீட்டர். எங்கள் மலையில் 375 மீட்டருக்குள் ஒரு சரிவு, ஓர் ஓடை, அடுத்த சரிவு என மூன்றும் அடங்கிவிடும். தீ எந்தச் சரிவில் இருக்கிறது என்பது அந்தப் புள்ளியில் தெரியாது. மேலும் அந்தச் செயற்கைக்கோள் உச்சி சாய்ந்தபின் ஒரு முறையும் நள்ளிரவுக்குப் பின் ஒரு முறையும்தான் நம் தலைக்கு மேலே கடக்கும். காலை பத்து மணிக்குப் பிடித்த தீ, புல் காய்ந்த சரிவில், பிற்பகலுக்குள் எங்கோ போய்விடும்.

எங்கள் வேலை எளிமையானது, கடினமானதும்கூட. பச்சைக் குழைகளை ஒடித்து அடித்து அணைப்போம். தீ பெரிதாக இருந்தால், காற்றின் திசையைப் பார்த்து, முன்னால் போய்ச் சருகைக் கூட்டிக் கோடு எடுத்து, வரும் தீக்கு எரிய ஒன்றும் மிஞ்சாதபடி அங்கிருந்து எதிர்த்தீ வைப்போம். இரண்டுக்கும் தெரிய வேண்டியவை இவைதாம்: தீயின் தலை எங்கே இருக்கிறது, அது எந்தப் பக்கம் திரும்புகிறது, என் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், அவர்கள் இறங்கி ஓட வழி இருக்கிறதா. சரிவில் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கே, நான்காவது கேள்வி ஏன் முதல் கேள்வி என்பது புரியும்.

ஒருமுறை என்னுடன் வந்த காவலர்கள் ஆறு பேர் புகைக்குள் சிக்கி, ஓடைப் பாறையில் படுத்து உயிர் தப்பினார்கள். எதிர்ச் சரிவில் நின்ற எனக்குப் புகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன், பதில் வரவில்லை. அந்த நாற்பது நிமிடத்தில் மேலே ஒரு கண் இருந்திருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன். ஆகவே, படம் யார் கைக்கு என்றால், மாவட்டத் தலைமையிடத்துக்கு அல்ல. அந்த மலையில் நிற்கிற வனவர் கைக்கு. அங்கே கைபேசிக்குச் சிக்னல் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

வானோடி எழுதியது:

ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் நான்கு ஆண்டுகளாக ட்ரோன் ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவன்; பெரும்பாலும் நில அளவை, சில முறை தீ. சாதிக்க முடிந்ததையும் முடியாததையும் நேராகச் சொல்கிறேன்.

இக்கானாவைப் போன்ற விமானத்துக்கு ஓடுதளம், செயற்கைக்கோள் இணைப்பு, தரை நிலையம், ஒரு பெரிய குழு எல்லாம் வேண்டும். நாம் பேசக்கூடியது தோள்பையில் தூக்கிச் செல்லும் நான்கு சுழலிக் கருவியைத்தான். அது ஒரு பேட்டரியில் முப்பது முதல் நாற்பது நிமிடம் பறக்கும். மலைக்காற்றில் அதுவும் குறையும். ஆறு பேட்டரி தூக்கிப் போனால், ஏறி இறங்கும் நேரம் போக, மூன்று மணி நேரத்துக்கும் குறைவான பார்வைதான் கிடைக்கும். மின்னேற்ற ஜெனரேட்டரை யார் மலையேற்றுவது என்பதை யாரும் கொள்முதல் பட்டியலில் எழுதுவதில்லை.

வெப்பப்படக் கருவி பெரும்பாலான புகையை ஊடுருவிப் பார்க்கும். ஐயாவுக்கு நேர்ந்ததைப் போன்ற நிலையில் அதுவே உயிர் காக்கும். ஆனால் அடர்ந்த இலைக்கூரையை அது ஊடுருவாது. சோலைக்காட்டின் அடியில் கங்கு புகைந்துகொண்டிருந்தால் மேலிருந்து தெரிவது குளிர்ந்த இலைகளே. உச்சி வெயிலில் இன்னொரு தொல்லை உண்டு: பாறைகள் கொதித்துப்போய், திரையில் எல்லாமே வெள்ளையாகத் தெரியும், தீப்பொறியையும் பாறையையும் பிரிக்கக் கண் பழக வேண்டும். அதனால் நான் விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தையே நம்புகிறேன். அப்போது பாறை குளிர்ந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். அணைந்துவிட்டதாக எண்ணி விட்டுவந்த கட்டையின் கங்கு, இருட்டில் விளக்குப்போல் நிற்கும். அணைத்த தீ மறுநாள் காற்றில் மீண்டும் மூள்வதைத் தடுப்பதுதான் சிறிய ட்ரோனுக்கு மிகப் பொருத்தமான வேலை என்பது என் அனுபவம். ஆனால் கேட்பவர்கள் எல்லோரும் கொழுந்துவிட்டு எரியும் தீயின் படத்தையே கேட்கிறார்கள்.

சிக்னல் பற்றி: கருவிக்கும் ஓட்டுபவருக்கும் இடையே தனி வானொலி இணைப்பு இருக்கிறது, அதற்குக் கைபேசிக் கோபுரம் வேண்டாம். ஓட்டுபவர் வனவரின் பக்கத்தில் நின்றால் படம் உடனே அவர் கண்ணில் படும். ஆகவே ஐயாவின் கேள்விக்கு விடை, ட்ரோனை ஊரில் வைக்காமல் சரகத்தில் வைப்பதும், ஓட்டத் தெரிந்தவர் வனக்காப்பாளர்களில் ஒருவராகவே இருப்பதும்தான்.

---

சியர்ரா தமிழன் எழுதியது:

நான் கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். என் வீட்டிலிருந்து பார்த்தால் மலையில் புகை தெரியாத ஆண்டு இல்லை. இக்கானாவுக்குப் பிந்தைய கதையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2013 ஆகஸ்டில் யோசமிட்டி தேசியப் பூங்காவை ஒட்டி மூண்ட ரிம் தீ, முடிவில் இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அப்போது மாநில தேசியக் காவல்படை ஒரு பிரிடேட்டர் விமானத்தை அனுப்பியது. மேலே அது சுற்ற, பல நூறு கிலோமீட்டர் தள்ளி மார்ச் விமானப்படைத் தளத்தில் உட்கார்ந்து ஓட்டினார்கள். மற்றவர்கள் கண்ணில் உடனே பட்டிருக்காத ஒரு புதிய தீயை அது காட்டிக்கொடுத்தது. அடிக்கடி எரிபொருள் நிரப்ப இறங்கும் ஹெலிகாப்டரோடு ஒப்பிட்டால், இரவும் பகலும் மேலேயே நிற்பது பெரிய வேறுபாடு.

ஆனால் அதே வானத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2015 ஜூலையில் கஹோன் கணவாயில் நெடுஞ்சாலையைத் தீ தாண்டியபோது, பொழுதுபோக்குக்காக யாரோ பறக்கவிட்ட ட்ரோன்களால் தண்ணீர் ஊற்றும் விமானங்கள் விலக நேர்ந்தது. சாலையில் வண்டிகள் எரிந்துகொண்டிருந்தன. 2025 ஜனவரி 9 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் பாலிசேட்ஸ் தீயை அணைக்க கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்திருந்த சிஎல்-415 விமானத்தின் இறக்கையில் ஒரு சிறிய ட்ரோன் மோதித் துளையிட்டது. தீயைப் பார்க்க ஆசைப்பட்ட ஒருவர், வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து அதை ஏவி, கண்ணுக்கு எட்டாத தூரம் போகவிட்டு, கட்டுப்பாட்டை இழந்திருந்தார். கால் கிலோவும் எடையில்லாத ஒரு பொருள், ஊரே எரியும் நாட்களில் ஒரு தீயணைப்பு விமானத்தைத் தரையில் நிறுத்திவைத்தது. எனக்குத் தெரிந்த குடும்பங்கள் அந்த வாரம் வீட்டை இழந்தன. அதனால் இதை அமைதியாக எழுதுவது எனக்குக் கடினம்.

காரணம் எளிது. தண்ணீரோ தீத்தடுப்பு மருந்தோ ஊற்றும் விமானம் மரவுச்சிக்கு மேலே ஏறத்தாழ 150 முதல் 200 அடியில் வரும். ட்ரோன் பறப்பதும் அதே உயரம்தான். புகையில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அதனால்தான் "நீங்கள் பறந்தால் நாங்கள் பறக்க முடியாது" என்று இங்கே அறிவிப்பு வைக்கிறார்கள். அரசின் சொந்த ட்ரோன்களுக்கும் இதே இடைஞ்சல் உண்டு. அதைத் தீர்க்கவே நாசா இப்போது அசெரோ என்ற திட்டத்தில், பெட்டிக்குள் அடங்கும் ஒரு வான்வழி ஒழுங்கமைப்புக் கருவியை 2025 மார்ச்சில் சலினாஸ் அருகே சோதித்தது. யார் எந்த உயரத்தில் இருக்கிறார்கள் என்பதைச் சிக்னல் இல்லாத இடத்திலும் ஒருவருக்கொருவர் காட்டுவதே அதன் நோக்கம்.

இங்கே ட்ரோன் தீயை மூட்டவும் பயன்படுகிறது. பொட்டாசியம் பர்மாங்கனேட் நிரப்பிய, மேசைப்பந்து அளவுள்ள உருண்டைக்குள் கிளைகால் திரவத்தைச் செலுத்திக் கீழே போட்டால், சற்று நேரத்தில் தானே பற்றிக்கொள்ளும். வனவர் ஐயா சொன்ன எதிர்த்தீயை மனிதன் இறங்க முடியாத சரிவில் வைக்க இதுவே வழி. முன்பு இதைத் தாழப் பறக்கும் ஹெலிகாப்டர்களிலிருந்து செய்தார்கள். அந்த வேலையில் உயிர்கள் போயிருக்கின்றன.

---

பனிச்சாரல் எழுதியது:

எல்லோரும் அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் நீலகிரியில் பழங்குடிக் குடியிருப்புகளோடு வேலை செய்கிறேன். கோடையில் தீக்காவலுக்கு எடுக்கப்படுபவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்களின் இளைஞர்களும் முதியவர்களும்தான். சில மாதக் கூலி, பல நேரம் தாமதமாக வரும் கூலி, காலில் ரப்பர் செருப்பு. ஒரு நல்ல வெப்பப்படக் கருவியின் விலையில் எத்தனை பேருக்குத் தீ தாங்கும் காலணியும் கையுறையும் வாங்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டீர்களா?

இரண்டாவது, நம் காடுகளில் பெரும்பாலான தீ மனிதர் வைப்பதே. மேய்ச்சலுக்கு, பாதை தெளிய, சில நேரம் பகையால். அதை யார், ஏன் வைத்தார் என்பது ஊருக்குத் தெரியும், வானத்துக்குத் தெரியாது. தேன் எடுப்பவரையும் விறகு பொறுக்குபவளையும் மேலிருந்து படம் பிடித்துக் குற்றவாளியாக்கும் கருவியாக அது மாறினால், தீ பிடித்ததும் ஓடிவந்து சொல்லும் முதல் ஆளை நாம் இழந்துவிடுவோம்.

விலங்குகளையும் மறக்க வேண்டாம். தான்சானியாவில் வயலுக்கு வரும் யானைகளைத் துரத்தவே ட்ரோனைப் பயன்படுத்துகிறார்கள். தீயிலிருந்து ஓடிவரும் யானைக் கூட்டத்தின் தலைக்கு மேல் அந்த இரைச்சலைக் கொண்டுபோனால், அது எந்தப் பக்கம் திரும்பும்?

---

ஓய்வுபெற்ற வனவர் எழுதியது:

அம்மா, காலணியைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் முழுமையாக ஏற்கிறேன். நான் பணியில் இருந்தபோது அதற்காக எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு இருக்கும். முதலில் காலணி, பிறகுதான் ட்ரோன். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் படம் பிடித்துக் குற்றவாளியாக்குவது கருவியின் குணம் அல்ல. யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தீ நாட்களில் எடுத்த படம் தீயை அணைக்க மட்டுமே பயன்பட வேண்டும், வழக்குப் பதிய அல்ல என்று எழுத்தில் உத்தரவு இருந்தால், உங்கள் ஊர் இளைஞர்களே அதை ஓட்டக் கற்றுக்கொள்ளலாம். மலையின் ஒவ்வொரு மடிப்பும் அவர்களுக்குத் தெரியும். திரையில் தெரியும் வெள்ளைப் புள்ளி எந்த ஓடைக்கு மேலே இருக்கிறது என்று ஒரே பார்வையில் சொல்லக்கூடியவர்கள் அவர்களே. யானை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கூட்டம் தென்பட்டால் உடனே உயரம் ஏற்றி விலக வேண்டும்.

---

மழைமானி எழுதியது:

வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் நிலைமை சற்று வேறு. 2013 உத்தராகண்ட் பேரழிவில் தேசியப் பேரிடர் மீட்புப் படை நேத்ரா என்ற உள்நாட்டு ட்ரோனைக் கொண்டு, வழி துண்டிக்கப்பட்ட இடங்களில் சிக்கியவர்களைத் தேடியது. 2024 ஜூலை 30 விடியலுக்கு முன் வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் நிலச்சரிவு புரட்டிப்போட்டபோது, பாலம் அடித்துச் செல்லப்பட்டதால் அக்கரையில் இருந்த மீட்புப் பணியாளர்களுக்கு ட்ரோன் வழியே உணவுப் பொட்டலம் அனுப்பினார்கள். 2011இல் ஃபுகுஷிமா அணுவுலையின் மேலே, மனிதர் நெருங்க முடியாத கதிர்வீச்சில், டி-ஹாக் என்ற சிறு கருவி போய்ப் படம் எடுத்தது.

இவற்றில் எல்லாம் ட்ரோன் மனிதன் போக முடியாத இடத்துக்குப் போனது. ஆனால் தீயில் நேரம் நிமிடங்களில் ஓடுகிறது, வெள்ளத்தில் மணிகளில். அதனால் கொட்டகுடி எழுப்பிய கேள்வி தீக்குத்தான் மிகக் கூர்மையாகப் பொருந்துகிறது.

---

கொட்டகுடி எழுதியது:

பனிச்சாரல் எழுப்பிய கூலிப் பிரச்சினையை நான் தொடக்கப் பதிவில் எண்ணிப் பார்க்கவே இல்லை. அது என் குறை. காவலரின் காலணிக்கான தொகையைக் குறைத்துக் கருவி வாங்கும் எந்தத் திட்டத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆனால் பணம் அதிகம் தேவைப்படாத ஒன்றைச் செய்யலாம் என்று தோன்றுகிறது. புல் முழுதாகக் காய்வதற்கு முன்னால், தை மாசி வாக்கில், தீத்தடுப்புக் கோடுகளை வனத்துறையே எரித்துத் தயார் செய்கிறது. எல் மிராஜில் 2001இல் அவர்கள் மூட்டிய தீயைப் போலவே, இதுவும் நாமே மூட்டி நாமே காவல் நிற்கும் தீ. அந்த நாளில் ஒரு ட்ரோனை மேலே நிறுத்தி, படம் வனவர் கைக்கு வரும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளக்கலாம். தீப்பிடித்த காட்டில் முதன்முதலாகக் கருவியை வெளியே எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வானோடி, ஒரு ஐயம். வெப்பப்படத்தில் தெரியும் புள்ளியை அங்கேயே தாள் வரைபடத்தில் குறிக்க முடியுமா? சரகத்தில் எல்லோரிடமும் இருப்பது இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்தான்.

---

வானோடி எழுதியது:

முடியும். கருவியை அந்தப் புள்ளிக்கு நேர் மேலே நிறுத்தினால், அதன் அட்சரேகையும் தீர்க்கரேகையும் திரையிலேயே தெரியும். அதை எழுதி, தாளின் ஓரக்கோடுகளோடு அளவுகோல் வைத்துக் குறிக்கலாம். அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 50 மீட்டர். பென்சில் கூர்மையாக இருந்தால் போதும். பழகியவருக்கு ஒரு புள்ளிக்கு இரண்டு நிமிடம் ஆகும். கட்டங்களுக்கு முன்கூட்டியே எண் கொடுத்துவைத்தால், வயர்லெஸ்ஸில் எண்ணைச் சொன்னாலே எதிர்ச் சரிவில் இருப்பவர் தன் தாளில் குறித்துக்கொள்வார்.

---

ஓய்வுபெற்ற வனவர் எழுதியது:

கட்ட எண் என்பது நல்ல யோசனை. எங்கள் சரகத்தின் தாள் என்னிடம் ஒன்று இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் ஓடைப் பெயர்களை அதில் நானே கையால் எழுதியிருக்கிறேன், அச்சில் இல்லாதவையும் சேர்த்து. கொட்டகுடி அதைப் படியெடுத்துக் கட்டம் போட்டுத் தரட்டும். கோடு எரிக்கும் நாள் முடிவானதும் இப்போதைய சரகரிடம் நானே கூட்டிச் செல்கிறேன். வானோடி, பேட்டரி தூக்க இரண்டு பேரை நான் ஏற்பாடு செய்கிறேன். நீங்கள் விடியற்காலை நான்கு மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும்.